பின் ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்காதே

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். பெங்களூர் வீட்டில் பெரிய டிவியும் ஆறு ஸ்பீக்கர் செட்டும் வாங்கி மாட்டியாயிற்று, அதில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தது அப்பா கடைசியாக எடுத்த வீடியோதான் என்று சொன்னாய். அதோடு விட்டிருந்தால் எனக்கும் தொந்தரவில்லை. "அம்மா, அப்பாவோட கேமராவுல சுத்தியும் மைக் இருந்துச்சே. நீ குடுத்த ஃபைல்ல ரெண்டே சேனல்தான் காட்டுது. பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் ஊமையாக் கெடக்குது. ஒரிஜினல் எங்க?" என்று கேட்டாய். "அந்த ஹார்டு டிஸ்க் எப்பவோ போயிருச்சு சாமி" என்றேன். நீயும் நம்பி, "செரி, உடு" என்று வைத்துவிட்டாய். எதுவும் போகவில்லை. ஒரிஜினல் கார்டு நம் பீரோவில், உன் அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் பதினோரு வருஷமாக இருக்கிறது. அதில் உள்ளதை ஒரு பென் டிரைவில் அப்படியே நகலெடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைத் திற. முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் அதைச் சொருகாதே.

இதை போனில் சொல்ல என்னால் முடியாது. நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் மறுபடி ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எழுதினால் தப்பிக்க வழியில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே கடிதத்தை இன்னொரு தாளில் எழுதி உன் பெரியப்பா வீட்டுக்கும் கொடுக்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் வரக்கூடாது என்கிறாய். மாப்பிள்ளைக்கு அக்காள் தங்கை செய்கிற இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் சுகந்தி நிற்கக்கூடாது, அவளை நிறுத்துவதானால் அந்தச் சீரே வேண்டாம் என்கிறாய். இந்த இரண்டு பேச்சுக்கும் காரணம் நான். நான் சொன்ன ஒரே ஒரு பொய்யை வைத்துத்தான் நீ பதினோரு வருஷமாக அவர்களைப் பகைத்துக்கொண்டிருக்கிறாய்.

அந்தக் கேமரா வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். கொழிஞ்சாம்பாறையில் அதுவரை யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது என்று உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எச்.டி. படம் எல்லாரும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் இதன் உச்சியில் சுற்றிலும் ஒலி வாங்கும் மைக் இருந்தது. முன்னால் பேசுவது முன்னாலும், பின்னால் பேசுவது பின்னாலும் தனித்தனித் தடமாகப் பதியும் என்றார். நீ எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த ஸ்பீக்கர்களைக் கூடத்தில் பரப்பினாய். ஒன்று பிரிட்ஜ் மேல், ஒன்று அரிசி மூட்டை மேல். கேமராவை நடுவில் வைத்து அவர் அதைச் சுற்றி நடந்துகொண்டே, "இங்க கேக்குதா, இப்ப இங்க கேக்குதா" என்று பேசிப் பதிந்தார். பிறகு அதைப் போட்டபோது நீ நடு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அவர் குரல் போகிற பக்கமெல்லாம் விரலை நீட்டினாய். அவரோ அப்போது உன் எதிரில் வாயைத் திறக்காமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பின் ஸ்பீக்கரில் குரல் வந்ததும் நீ நிஜமாகவே திரும்பிப் பார்த்தாய். நான் கூட உன்னைக் கேலி செய்தேன். அதற்குப் பிறகு நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

நம் தொழிலில் ஒலிக்கு மரியாதை கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா படம் எடுத்துக்கொண்டு வருவார், நான் வீட்டில் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவேன். வெட்டத் தொடங்கும்போது நான் செய்கிற முதல் வேலையே சத்தத்தை முழுக்கத் தூக்கி எறிவதுதான். கல்யாண மண்டபத்துச் சத்தம் என்றால் என்ன? சாம்பாரில் உப்பில்லை என்று ஒரு மாமன் சமையல்காரரைத் திட்டுவது, குழந்தை அழுவது, மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லி நகர்த்தச் சொல்வது. அதையெல்லாம் துடைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டால் ஜனங்களுக்கு மகிழ்ச்சி. இருபது வருஷம் இந்தக் கையால் எத்தனை பேருடைய பேச்சை அழித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒருவர்கூட வந்து, எங்கள் அப்பாவின் குரல் எங்கே, எங்கள் அம்மா பேசினாளே அது எங்கே என்று கேட்டதில்லை. அதனால் எனக்கும் அதில் ஒரு கூச்சம் இருந்ததில்லை.

சுகந்தியின் கல்யாணம் மட்டும் அப்படி இருக்கக்கூடாது என்று உன் அப்பா முடிவு செய்திருந்தார். அண்ணன் மகள், அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. உன் பெரியம்மாவுக்கு அவர் எடுப்பதில் முதலில் இஷ்டமில்லை. கோயமுத்தூரிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னாள். என் காதுபடத்தான் சொன்னாள். அவளுக்கும் எனக்கும் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலே ஆகாது. ஓரகத்திகளுக்குள் இருக்கிற சமாச்சாரம்தான், பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவள் சேலையை நான் பார்ப்பேன், என் சேலையை அவள் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. உன் அப்பாவோ அதைப் பொருட்படுத்தாமல், "அண்ணி, இது பாட்டுப் போட்டு ஒப்பேத்தற வீடியோ இல்லீங். தியேட்டர்ல ஒக்காந்த மாதிரி சுத்தியும் சத்தம் கேக்கும் பாருங்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதனால் அன்றைக்குப் படம் எடுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். வீட்டுக் கல்யாணம் என்பதால் வெளியாள் யாரையும் கூப்பிடவில்லை. அவர் கேமராவைப் பிடித்தார், நான் அவருக்கு அடுத்து, அரையடி பின்னால், லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குப் பரீட்சை. நீ வரவில்லை.

இனி எழுதப்போவதை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. நினைவை நம்பினால் எனக்குச் சாதகமாகத்தான் வரும். அந்த ஃபைலில் இருப்பதைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். மணவறையில் பெண்ணை உட்காரவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மெதுவாக, "ஏம்புள்ள, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்கிறார். நான், "காலைல அந்த வடையத் திங்காதீங்கன்னு சொன்னனுங்களா இல்லியா" என்கிறேன். அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, "எடது கை மரத்துப் போச்சு. அண்ணன்கிட்டச் சொல்லி வண்டி எடுக்கச் சொல்லட்டா?" என்கிறார். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்ப வுட்டுட்டுப் போனீங்கன்னா உங்க அண்ணி ஊரெல்லாஞ் சொல்லிச் சிரிப்பா. தாலி ஒருக்காத்தான் ஏறும், அத மறுபடி எடுக்க முடியுமா? பத்து நிமிசம் பல்லக் கடிச்சுட்டு நில்லுங்க." அவர் நின்றார். கெட்டிமேளம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், மூன்றாவது தடவையாக, "புள்ள" என்று மட்டும் கூப்பிடுகிறார். நான், "பேசாதீங்க, கேமராவுல உங்க சத்தம் உழுகுது" என்கிறேன்.

அவர் ஒரு தடவைதான் சொன்னார் என்று நான் நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று தடவை சொன்னார் என்பது இந்த ஃபைலைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

தாலி ஏறியது. மேலும் கொஞ்ச நேரம் எடுத்தார். பிறகு கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. "தண்ணி குடிச்சுட்டு இருங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, லைட்டை ஒரு கம்பத்தில் சாய்த்துவைத்துவிட்டு, மீதிச் சடங்கையும் எடுத்தேன். நன்றாகவே எடுத்திருக்கிறேன். கை நடுங்கவில்லை, படம் ஆடவில்லை. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு என் மேல் அதிகம் அருவருப்பு வருகிறது. அவர் நாற்காலியிலிருந்து சரிந்த சத்தம் கேட்டதும் கேமராவை ஓடியபடியே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினேன். அது நாற்காலிக் கால்களைப் பார்த்துக்கொண்டு தானாகப் பதிந்துகொண்டிருந்தது. அதில் உன் பெரியப்பாவின் குரல் இருக்கிறது. "கல்யாணம் கெடக்குது, வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க" என்று கத்துகிறார். முகூர்த்த வேட்டியும் துண்டுமாக, மாப்பிள்ளை வீட்டாரை அப்படியே விட்டுவிட்டு, பாதையை அடைத்து நின்ற வேன்களை அவரே தள்ளி நகர்த்தினார். வண்டி கிளம்பும் சத்தமும் பதிந்திருக்கிறது. திரையில் ஓடும் நேரத்தை வைத்துப் பார்த்தேன். அப்பா முதலில் சொன்னதற்கும் விழுந்ததற்கும் நடுவில் நாற்பத்திரண்டு நிமிஷம். விழுந்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் நடுவில் ஒன்பது நிமிஷம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவருக்கு உயிர் இருந்தது. டாக்டர் வெளியே வந்து, "வேதன தொடங்ஙீட்டு எத்ர நேரமாயி?" என்று கேட்டார். வலி தொடங்கி எத்தனை நேரம் என்கிறார். இந்தக் கேரள எல்லையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் புரியாமல் போகுமா? நன்றாகப் புரிந்தது. ஆனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு உன் பெரியம்மா நின்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால், இவர் முக்கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே சொன்னார், நான்தான் நிறுத்திவைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இப்போ தொடங்ஙியதாணு சாரே", இப்போதுதான் தொடங்கியது என்றேன். அவர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பாரா, செய்திருந்தால் உன் அப்பா பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை. கணவன் உள்ளே உயிருக்குப் போராடும்போது, ஓரகத்தி என்ன நினைப்பாள் என்று யோசித்த ஒருத்தியை நீ பதினோரு வருஷமாகக் கோயில் மாதிரி கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா முன்னாடியே ஒண்ணும் சொல்லலியாம்மா?" என்று கேட்டாய். டாக்டரிடம் சொன்னதை உன்னிடமும் சொன்னேன். "ஒண்ணுமே சொல்லல சாமி. விழுந்தப்பறம் வண்டி எடுக்கத்தான் நேரமாயிப் போச்சு." அந்த இரண்டாவது வாக்கியம் யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. ஏன் சேர்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உன் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது, அது என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். எத்தனை நேரம் என்று கேட்டாய். அரை மணி நேரம் இருக்கும் என்றேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். காரியத்தன்று எல்லார் முன்னாலும் உன் பெரியப்பாவைப் பார்த்து, "உங்க புள்ள கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னு எங்கப்பனச் சாகவுட்டீங்க. இனி எங்க ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க" என்றாய். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நான் உள்ளறையில் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நான்கு அடி நடந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் நம் வாசப்படி மிதிக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் தோட்டத்துத் தேங்காயும் கடலையும் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டு, "அம்மிணி, வெச்சுருக்கறன்" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். நீ அந்தக் கடலையை வறுத்துத் தின்றிருக்கிறாய். கடையில் வாங்கியது என்று நான் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து சுகந்தியின் கல்யாண வீடியோவை வெட்ட உட்கார்ந்தேன். கொடுத்தாக வேண்டும், வேறு ஆளிடம் கார்டைக் கொடுக்கவும் பயம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆறு தடத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டேன். முன்பக்கத்தில் மேளமும் நாதசுரமும். நடுவில் மணவறைப் பேச்சு. ஆறும் சேர்ந்து ஒலிக்கும்போது மேளத்தில் எங்கள் பேச்சு அமுங்கிப்போகிறது, காதைத் தீட்டிக் கேட்டால்தான் ஏதோ முணுமுணுப்பு மாதிரி இருக்கும். பின்பக்கம் இரண்டையும் தனியாகப் போட்டால் மேளம் தூரத்துக்குப் போய்விடுகிறது. அவர் மூச்சு என் பிடரியில் படுகிற மாதிரி வந்தது. அவர் மூன்று தடவை சொன்னதும், நான் மூன்று தடவை வாயை அடைத்ததும் ஒரு வார்த்தை குறையாமல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவினேன்.

திரும்பி வந்து என் வேலையைச் செய்தேன். கல்யாண வீட்டாருக்குச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்ட டிஸ்க். உனக்கு, நீ அப்பா எடுத்ததை அப்படியே கொடு என்று கேட்டிருந்தாயே, அதற்காக வேறொன்று. பின்பக்கத்து இரண்டு தடத்தையும் அணைத்துவிட்டு, மீதியை இரண்டு சேனலாகக் குறுக்கி, விழுந்த இடத்துக்கு முன்பே வெட்டி, எம்.பி.4 ஆக மாற்றி வைத்தேன். மாற்றி முடிய வெகு நேரம் ஆனது. அந்தக் கோடு மெதுவாக நகர்ந்து நூறு சதவீதம் ஆகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதுவரை தெரியாமல் அழித்தவை ஆயிரம் இருக்கும். தெரிந்தே அழித்தது அது ஒன்றுதான். பிறகு ஒரிஜினலையும் அழிக்கப் பார்த்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினேன். கார்டை உருவி அவர் கண்ணாடிக் கூட்டில் போட்டேன்.

டிஸ்க்கை வாங்கிக்கொள்ள உன் பெரியப்பா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். வாங்கியவர் போகாமல், "அம்மிணி, இதுல தம்பி சத்தம் எங்கியாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். "கேமராக்காரங்க சத்தம் அதுல எப்பிடீங் மாமா வரும்?" என்றேன். "அதுவுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். இருபது வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காததைக் கேட்ட ஒரே ஆள் அவர். அவரிடமும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சுகந்தியைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள நீ விரும்பியதும் இல்லை. தன் கல்யாண நாளை அவள் ஒரு வருஷம்கூடக் கொண்டாடியதில்லை. அன்றைக்கு விளக்கு ஏற்றி, சித்தப்பா படத்துக்குப் பூப் போடுவாள். உனக்குத் தெரியாமல் எனக்கு போன் செய்வாள். போன மாதம்கூட, "சின்னம்மா, தம்பி கல்யாணத்துக்கு நான் மண்டபத்துக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போயர்றனுங்க, யாரும் பாக்காம" என்றாள். கூடப்பிறந்த அக்காள் தங்கை இல்லாத உனக்கு, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை நீ பிடிக்க மறுதலைப்பைப் பிடித்து இணைச்சீர் செய்ய வேண்டியவள் அவள். வேறு யாரும் அந்த இடத்தில் நிற்க முடியாது. அவளை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தவள் நான். அதற்கும் நான், "பாக்கலாம் கண்ணு" என்றுதான் பதில் சொன்னேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் பெற்றவள் புத்தி சொல்லியாக வேண்டும் அல்லவா, அதனால் ஒன்று சொல்கிறேன். வருகிறவள் உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால், கையில் என்ன வேலை இருந்தாலும் கீழே வை. யார் பார்க்கிறார்கள், யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே. அவளுக்கும் அதையே சொல்லிக்கொடு. நம் வீட்டில் முடியவில்லை என்பதைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். உன் அப்பா அப்படித்தான் சொன்னார். தாழ்த்திச் சொன்னதாலேயே அது பெரிதில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்னொரு புத்தியும் இருக்கிறது, ஆனால் பொய் சொல்லாதே என்று சொல்கிற யோக்கியதை எனக்கில்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது ஃபைலைப் பற்றிக் கவனமாகக் கேட்டுக்கொள். பென் டிரைவில் இருப்பதை எதற்கும் மாற்றாதே. உன் டிவி அந்த ஃபைலைத் திறக்க மறுத்தால், படத்தையும் ஒலியையும் தொடாமல் மேல் உறையை, அதாவது ஃபைல் வகையை, மட்டும் மாற்று. மாற்றுகிற சாப்ட்வேரில் ஒலி என்ற இடத்தில் ஸ்டீரியோ என்று தானாகவே தேர்வாகி இருக்கும். அதை அப்படியே விட்டால் ஆறையும் இரண்டாகப் பிசைந்து, மேளத்துக்குள் அவரைப் புதைத்துவிடும். அதை எடுத்துவிட்டு, உள்ளது உள்ளபடி நகலெடு என்பதைத் தேர்ந்தெடு. டிவியின் ஒலி அமைப்பில் பாஸ்த்ரூ என்று வை, அப்போதுதான் டிவி நடுவில் கைவைக்காமல் உன் செட்டுக்கு அனுப்பும். தாலி கட்டும் இடம் வரும்போது முன்னால் உள்ள மூன்றின் சத்தத்தையும் குறைத்துவிட்டுப் பின் இரண்டையும் கூட்டு. நடு நாற்காலியில் உட்கார். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். எழுதுவதற்குக் காரணம், நீ ஏதாவது தப்பாக அமைத்து, அம்மா சொன்னது ஒன்றும் இதில் கேட்கவில்லையே என்று எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் இதுவரை எழுதாமல் வைத்திருந்தேன். பேசாதீங்க என்று நான் அவரை அதட்டிய பிறகு அவர் ஒரே ஒரு தடவை பேசினார். அதற்குப் பிறகு அவர் பேசி யாரும் கேட்கவில்லை. மேளம் தொடங்கிவிட்டது, மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான், சுகந்தி தலையைக் குனிந்திருக்கிறாள். அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வருகிறது. நடுவே, "செரி. லைட்டத் தூக்கிப் புடி புள்ள. கொழந்த மொகம் இருட்டா இருக்குது" என்கிறார். நான் தூக்கிப் பிடிக்கிறேன். படத்தில் அவள் முகம் வெளிச்சமாகிறது. அதை நீ நூறு தடவை பார்த்திருப்பாய், அந்த வெளிச்சம் ஏன் வந்தது என்று உனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அதை சுகந்தியோடு சேர்ந்து கேள். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் நான் பெரியப்பா வீட்டுக்குப் போய் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நிற்பேன். உள்ளே கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் இஷ்டம். எனக்காக நீ அவர்களிடம் பேசாதே. உன் பங்குக்கு நீ பேச வேண்டியது வேறு இருக்கிறது. கேட்டு முடித்த பிறகு, சுகந்தியை இணைச்சீருக்கு நீயே உன் வாயால் கூப்பிடு. உன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதையும் அதற்குப் பிறகு யோசி.

அம்மா